நான் கடலில் வைத்த பாறை

வேலைக்குச் சேர்ந்த அன்று நான் ஒரே ஒரு பொய்தான் சொன்னேன். "பிரெஞ்சு தெரியுமாம்மா?" என்று கேட்டார் முதலாளி. "தெரியும் சார்" என்றேன்.

முழுப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. கன்னியர் நடத்திய பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை பிரெஞ்சு படித்தவள் நான். வணக்கம் சொல்வேன். என் பேனா மேசையின் மேல் இருக்கிறது என்பேன். 'அருள் நிறைந்த மரியே' செபத்தைப் பாதி வரை பிரெஞ்சில் சொல்லி மீதியைத் தமிழில் முடிப்பேன். வெளியூர்க்காரர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டால், இவ்வளவு தெரிந்தவர்களே தலையை ஆட்டிவிடுவது புதுச்சேரியில் வழக்கம்தான். முதலாளி விழுப்புரத்துக்காரர். நம்பிவிட்டார்.

அதற்கு முன் இருபது வருஷம் வீட்டுப் பிளான் வரைந்துகொண்டிருந்தேன். ரெட்டியார்பாளையத்தில் நான் வரைந்த வீடுகள் தெருவுக்கு ஒன்றாவது இருக்கும். சமையலறை தென்கிழக்கில், பூசையறை வடகிழக்கில், கழிவறை எங்குமே வரக்கூடாது ஆனால் இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கெல்லாம் வரைந்து கொடுத்துப் பழகியவள். நாற்பத்தைந்து வயதில் அந்த வேலை சலித்துப்போனது. அப்போதுதான் நெல்லித்தோப்பில் ஒரு மாடியில் இருந்த சின்ன சர்வே ஆபீசில், கம்ப்யூட்டரில் வரைபடம் போட ஆள் தேடினார்கள்.

முதலாளியும் நிலத்து ஆள்தான். சேதராப்பட்டுப் பக்கம் தொழிற்கூடங்களுக்கு மனை அளந்து பேர் வாங்கியவர். மனை அளக்கும் வேலை குறைந்ததும் கடலை அளக்க இறங்கிவிட்டார். "கடலும் நெலந்தாம்மா. மேல கொஞ்சம் தண்ணி இருக்குது, அவ்ளோதான்" என்று முதல் நாளே எனக்கு விளக்கம் கொடுத்தார். கடலைப் பற்றி எங்கள் ஆபீசுக்கு இருந்த மொத்த ஞானமும் அதுதான். எனக்கு அதுகூட இல்லை. கடற்கரைச் சாலையில் மாலையில் நடப்பேன், சுண்டல் வாங்குவேன், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து போகிறவர்களைப் பார்ப்பேன். கடலோடு என் உறவு அவ்வளவே.

முதல் பெரிய வேலை வந்தது. துறைமுக வாய்க்குத் தெற்கே கரை அரிப்பைத் தடுக்கக் கான்கிரீட் கட்டிகளைக் கொண்டுவந்து போடப் போகிறார்கள். கட்டிகள் கடல் வழியாகப் பார்ஜில் வரும். பார்ஜ் என்பது தட்டையான அடிப்பாகம் கொண்ட பெரிய சரக்குத் தெப்பம். அதை ஒரு இழுவைப் படகு இழுத்துவரும். பாரம் ஏற்றினால் தண்ணீருக்கடியில் நாலு மீட்டர் அமிழும். அது தரைதட்டாமல், எதிலும் மோதாமல் வந்து போக ஒரு பாதை வேண்டும். அந்தப் பாதைக்கான கடல் வரைபடத்தை நாங்கள் போட்டுக் கொடுக்க வேண்டும்.

எங்கள் இன்ஜினியர்கள் இரண்டு பேர் வாடகைப் படகில் எக்கோ சவுண்டரைக் கட்டிக்கொண்டு போனார்கள். அது தண்ணீருக்குள் ஒரு ஒலியை அனுப்பி, தரையில் பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து ஆழத்தைச் சொல்லும் கருவி. படகு வயலில் ஏர் ஓட்டுவதுபோல நேர்க்கோட்டில் போகும், திரும்பும், அடுத்த கோட்டில் வரும். கோட்டுக்குக் கோடு நூறு மீட்டர். அவர்கள் கொண்டுவந்த எண்களை நான் ஏசி அறையில் உட்கார்ந்து வரைபடமாக்கினேன். ஆழமில்லாத இடத்துக்குக் கருநீலம், ஆழம் கூடக்கூட வெளிர் நீலம், அதன் பின் வெள்ளை. முடிந்ததும் தள்ளி நின்று பார்த்தேன். வீட்டுப் பிளானில் வராத ஒரு பெருமை வந்தது. வங்கக் கடலுக்கே பிளான் போட்டுவிட்டேன் அல்லவா.

பெருமை அத்தோடு நின்றிருந்தால் நல்லது. ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: பழைய வரைபடங்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று. முதலாளி எங்கிருந்தோ ஒரு பழைய பிரெஞ்சுக் கடல் வரைபடத்தின் நகலைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்தார். "பிரெஞ்சு தெரிஞ்ச ஆளு நம்மகிட்டயே இருக்கும்போது எனக்கு என்னா கவலை?" என்றார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வியர்க்கிறது.

நகலில் எழுத்துகள் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தன. கடலுக்கு நடுவே ஒரு சின்னக் கூட்டல் குறி, சுற்றிலும் புள்ளி வட்டம். பக்கத்தில் 'ஆர்' என்று ஓர் எழுத்து, அடுத்து 'பி.டி.' என்று இரண்டு எழுத்து. ஆர் என்றால் ரோஷ், அதாவது பாறை. அது தெரியும். பி.டி.? அரை மணி நேரம் யோசித்தேன். பிறகு எனக்கே உரிய அறிவோடு கண்டுபிடித்தேன்: போந்திஷேரி! பி இருக்கிறது, டி இருக்கிறது. வண்டி நம்பரில் இப்போது பி.ஒய். என்று போடுகிறோம், அவர்கள் அந்தக் காலத்தில் பி.டி. என்று போட்டிருக்கிறார்கள். ஆக, அது புதுச்சேரிப் பாறை. முதலாளியிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "அதேதாம்மா" என்றார்.

எங்கள் எக்கோ சவுண்டர் எண்களில் அந்த இடத்தில் பாறை எதுவும் காணப்படவில்லை. அதற்கும் என்னிடம் விடை இருந்தது. நம் படகு போன இரண்டு கோடுகளுக்கு நடுவில் அது நிற்கிறது, அதனால்தான் தட்டுப்படவில்லை. பெரிய சிவப்புக் கூட்டல் குறி போட்டு, 'புதுச்சேரிப் பாறை' என்று எழுதினேன். போட்டிருந்த பாதை அதற்கு ரொம்பப் பக்கத்தில் போனதால், பாதையையும் முந்நூறு மீட்டர் தெற்கே தள்ளிவிட்டோம். ஒரு பார்ஜைக் காப்பாற்றிய திருப்தியோடு அன்று வீட்டுக்குப் போனேன்.

*

பார்ஜ் வரும் நாட்களில் அந்தப் பாதையில் வலை போடக்கூடாது என்று மீனவர்களிடம் சொல்ல வேண்டும். அதற்காக வீராம்பட்டினத்தில், கோயிலுக்குப் பக்கத்துக் கூடத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டினோம். முதலாளி பேசினார். நான் குச்சியை வைத்துக்கொண்டு காட்டினேன். நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள்.

முதலில் எழுந்தது ஒரு பைபர் படகுக்காரர். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர் இருப்பார். சுவரோரம் வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அக்கா, இது என்னா நட்சத்திரம் மாதிரி?"

"லைட் ஹவுஸ். ராத்திரியில வெளிச்சம் தெரியுறதுக்கான அடையாளம்."

"பீச் ரோட்டுல இருக்குதே, அந்தப் பழைய லைட் ஹவுஸா?"

"ஆமா."

கூடத்தில் ஒரு சலசலப்பு. அவர் மரியாதையாகத்தான் சொன்னார்: "அது அணைஞ்சு எத்தினியோ வருஷம் ஆவுதுக்கா. நான் பொறந்ததுலேந்து அது எரிஞ்சு பார்த்ததே இல்ல. இப்ப எரியுறது தெக்கால இருக்குதே, புதுசு, அதுதான்."

வாரத்தில் ஐந்து நாள் அந்தப் பழைய கலங்கரை விளக்கத்தைக் கடந்து நடப்பவள் நான். அதன் நிழலில் நின்று சுண்டல் தின்றிருக்கிறேன். அது எரிகிறதா இல்லையா என்று ஒரு தடவைகூடத் தலையை நிமிர்த்திப் பார்க்கவில்லை. பழைய பிரெஞ்சு வரைபடத்தில் அது எரிந்துகொண்டிருந்தது. நானும் எரியவிட்டுவிட்டேன். புதியதை ஓர் உயரமான கட்டடமாக மட்டும் சாம்பல் நிறத்தில் போட்டிருந்தேன்.

"திருத்திடுறோம்" என்றேன்.

அவர் விடவில்லை. விரல் கீழே இறங்கியது. "இந்தக் கூட்டல் குறி?"

"அது பாறை. புதுச்சேரிப் பாறை."

"அந்த எடத்துல நாங்க வருஷம் பூரா வலை போடுறோம். அங்க ஏதுக்கா பாறை? வெறும் சேறு."

"பிரெஞ்சுக்காரங்க அளந்து போட்டிருக்காங்க" என்றேன். என் குரல் எனக்கே ஒரு கவர்னர் குரல்போலக் கேட்டது.

"அவங்க போயி எத்தினி வருஷம் ஆச்சு? அதுவும் அவங்க பின்னாலேயே கப்பல் ஏறிப் போயிடுச்சோ என்னமோ" என்றார் பின்னால் இருந்து யாரோ. கூடமே சிரித்தது. முதலாளியும் சிரித்தார். என் கையில் இருந்த குச்சியை என்ன செய்வதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

படகுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. வரைபடத்தில் பார்ஜ் போகும் பாதையைத் தொட்டு, அதன் மேலேயே கொஞ்சம் நகர்த்தி, விரலை அழுத்தி வைத்தார். "பாறை இங்க இருக்குது. ரெண்டு தடவ என் வலை கிழிஞ்சிருக்குது. மேல ரெண்டரைப் பாகம் தண்ணிதான் இருக்கும்."

பாகம் என்றால் என்ன என்று கேட்டேன். இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். இந்தக் கைவிரல் நுனியிலிருந்து அந்தக் கைவிரல் நுனி வரை. மனசுக்குள் கணக்குப் போட்டேன். நாலரை மீட்டர். அவர் விரல் வைத்த இடம் நான் தள்ளி வைத்த பாதைக்கு நட்ட நடுவில் இருந்தது.

*

மறுநாள் ஞாயிறு. எங்கள் மாதா கோயிலில் பூசை முடிந்ததும், அதே கோயிலுக்கு வரும் ஒரு பெரியவரைத் தேடிப் போனேன். பிரெஞ்சுக் கடற்படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோயிலுக்குக் கோட்டு போட்டுக்கொண்டு வரும் இரண்டு மூன்று பேரில் ஒருவர். வரைபட நகலை மடித்துச் செபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். கோயில் வாசலில், வேப்பமரத்தடியில் பிரித்துக் காட்டினேன்.

"அங்கிள், இந்த பி.டி. அப்படின்னா என்னா?"

அவர் கண்ணாடி இல்லாமலேயே படித்தார். "பொசிசியோன் தூத்தேஸ்."

நான் தலையை ஆட்டினேன், புரிந்ததுபோல. பழக்கதோஷம். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"புரியலையா மா?"

"இல்ல அங்கிள்."

"இருக்குற எடம் சந்தேகம்னு அர்த்தம். யாரோ ஒரு மாலுமி இந்தப் பக்கம் ஒரு பாறை இருக்குதுன்னு சொல்லியிருப்பான். எந்த எடம்னு இவங்களுக்குத் தெரியல. அதான் போட்டுட்டு, சந்தேகம்னு எழுதி வெச்சிருக்காங்க. நீ என்னான்னு நெனச்ச?"

சொன்னேன். அவர் முதலில் சிரிக்காமல் இருக்கத்தான் முயன்றார். பிறகு கோட்டுப் பித்தானைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு இருமலாகி, கண்ணில் நீர் வந்து, அவர் மனைவி ஓடிவந்து முதுகைத் தட்டி, "என்னா ஆச்சு, என்னா ஆச்சு?" என்று என்னிடம் கேட்டார். கணவர் மூச்சை இழுத்துக்கொண்டு, "சந்தேகப் பாறைக்கு நம்ம ஊர் பேரு வெச்சிருக்குது இந்தப் பொண்ணு" என்றார்.

நடந்து வீட்டுக்கு வரும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் காலத்தில் கப்பலின் ஆட்டத்தில், எக்கோ சவுண்டர் இல்லாமல், கயிற்றில் ஈயக் குண்டைக் கட்டி அளந்த எவரோ ஒருவர், தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று இரண்டு எழுத்தில் ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார். ஏசி அறையில் உட்கார்ந்த நான் அந்த இரண்டு எழுத்தை அழித்துவிட்டு அங்கே ஒரு நிச்சயத்தைச் சிவப்பில் வைத்திருக்கிறேன். பிரெஞ்சு தெரியாது என்று முதல் நாளே சொல்லியிருந்தால் யாரும் என்னை அடித்திருக்கமாட்டார்கள்.

திங்கட்கிழமை காலையில் முதலாளியின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். வேலை போகும் என்று எதிர்பார்த்து, மேசையில் இருந்த என் சாப்பாட்டு டப்பாவைக்கூட எடுத்துப் பையில் வைத்திருந்தேன். "சார், எனக்கு பிரெஞ்சு தெரியாது" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீ தப்பாச் சொன்ன, சரி. நான் ஏம்மா 'அதேதான்'னு சொன்னேன்?"

"தெரியலையே சார்."

"எனக்கும் ஒண்ணும் புரியல. நீ இவ்ளோ உறுதியா சொல்றியே, நான் தெரியாதுன்னு சொன்னா நல்லாவா இருக்கும்னு சொல்லிட்டேன்."

பார்ஜ் கிளம்ப இன்னும் பத்து நாள்கூட இல்லை. நாங்கள் தள்ளி வைத்த பாதை, ஒப்பந்தக்காரர் கைக்கு ஏற்கெனவே போய்விட்டது.

"போன் போட்டுச் சொல்லிடலாமா சார்?"

"என்னான்னு சொல்றது? பாறை இங்க இல்ல, அங்க இருக்குதாம், ஒருத்தர் விரல் வெச்சுக் காட்டினாருன்னா? மொதல்ல போய்ப் பார்க்கணும்."

"நானும் வரேன் சார்" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. எனக்கு நீச்சல் தெரியாது. பஸ்ஸில் கடலூர் போவதற்கே எனக்கு ஜன்னல் சீட் வேண்டும்.

*

முதலாளியும் நானும், எக்கோ சவுண்டரோடு ஒரு இன்ஜினியருமாக, அந்தப் படகுக்காரரின் படகிலேயே போனோம். விடிந்து கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிட வேண்டும் என்றார். வாந்தி வராமலிருக்க மருந்துக்கடையில் மாத்திரை கேட்டு வாங்கியிருந்தேன். ஒன்று போதும் என்று கடைக்காரர் சொன்னார். பயத்தில் இரண்டு போட்டுக்கொண்டேன். சுடிதாருக்கு மேல் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டியபோது கழுத்தே காணாமல் போனது. அலையைத் தாண்டும்வரை இரண்டு கையாலும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த பாதி செபத்தைப் பிரெஞ்சிலும் மீதியைத் தமிழிலுமாகச் சொன்னேன்.

அதற்குப் பிறகு எனக்கு நினைவில்லை. தூங்கிவிட்டேன். கடலை முதல் முறையாகப் பார்க்கப் போனவள், வலைக் குவியலின் மேல் வாயைத் திறந்துகொண்டு தூங்கியிருக்கிறேன்.

"அக்கா. அக்கா! எந்திரிங்க, உங்க பாறை வந்துடுச்சு."

பதறி எழுந்தேன். சுற்றிலும் வெறும் தண்ணீர். படகுக்காரர் முகத்தில் சிரிப்பே இல்லை, அதனால் ஒரு கணம் நம்பிவிட்டேன். ஜிபிஎஸ்ஸைப் பார்த்தேன். நான் சிவப்புக் கூட்டல் குறி போட்ட இடம்தான். எக்கோ சவுண்டரில் பதினொன்று, பதினொன்று, பத்து புள்ளி ஒன்பது. சுற்றிச் சுற்றி வந்தோம். பத்து மீட்டருக்குக் கீழே எண் இறங்கவே இல்லை. படகின் மறு ஓரத்தில் முதலாளி தலையை வெளியே தொங்கவிட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். 'மேல கொஞ்சம் தண்ணி' அவரைப் படாதபாடு படுத்திக்கொண்டிருந்தது.

"இப்ப நம்ம பாறைக்குப் போவோமா?" என்றார் படகுக்காரர்.

"எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

அவர் கரையைக் காட்டினார். அங்கிருந்து பார்க்க ஊரே ஒரு பென்சில் கோடு. "வடக்கால பாருங்க. புது லைட் ஹவுஸ் தெரியுதா? அதுக்குப் பின்னாடி ஒரு செல்போன் டவர். ரெண்டும் ஒண்ணாச் சேரணும். இந்தப் பக்கம் எங்க கோயில் கோபுரம். அது தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி போயி ஒளியணும். ரெண்டும் ஒரே நேரத்துல நடந்தா, கீழ பாறை."

படகு தெற்கே நகர்ந்தது. நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். டவர் மெல்ல மெல்ல கலங்கரை விளக்கத்தை நெருங்கி அதன் முதுகில் ஒட்டிக்கொண்டது. கோபுரம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பாதி போனது, முக்கால் போனது. நான் எக்கோ சவுண்டரைப் பார்க்க மறந்துவிட்டேன். எங்கள் இன்ஜினியர்தான் சத்தமாகப் படித்தார்: "பத்து எட்டு. பத்து ரெண்டு. எட்டு. ஆறு நாலு. மேடம், நாலு மூணு! நாலு மூணு!"

படகுக்காரர் இன்ஜினை நிறுத்தினார். கயிற்றில் கட்டிய இரும்புக் குண்டை இறக்கி, கயிற்றை என் கையில் கொடுத்தார். "லேசாத் தூக்கிப் போடுங்கக்கா."

தூக்கிப் போட்டேன். கயிறு வழியாக ஒரு 'டொக்' வந்து என் உள்ளங்கையில் தட்டியது. மறுபடி தூக்கிப் போட்டேன். மறுபடி டொக். படகைக் கொஞ்சம் தள்ளிக் கொண்டுபோய்ப் போட்டபோது குண்டு சத்தமே இல்லாமல் சேற்றில் உட்கார்ந்தது. இருபது வருஷத்துக்கு மேல் கோடும் எண்ணுமாகவே எல்லாவற்றையும் பார்த்தவளுக்கு அந்த ஒரு தட்டு போதுமாக இருந்தது. நாலு புள்ளி மூன்று. நீர் வற்றும் நேரத்தில் அதிலும் அரை மீட்டர் குறையும். பார்ஜ் அமிழ்வது நாலு மீட்டர். பார்ஜோடு வரப் போகிற ஆட்கள் எத்தனை பேர் என்றுகூட எனக்குத் தெரியாது. அவர்களுக்கு நீச்சல் தெரியுமா என்று யோசித்தேன். கான்கிரீட் கட்டிகள் சரிந்தால் நீச்சல் தெரிந்து என்ன பயன் என்றும் யோசித்தேன்.

"அழாதீங்கக்கா" என்றார் படகுக்காரர்.

"அழல. உப்புத் தண்ணி தெறிச்சிடுச்சு" என்றேன். காற்றே இல்லாத நேரம் அது.

அன்றும் மறுநாளும் அந்த இடத்தைச் சுற்றிக் கோட்டுக்குக் கோடு பத்து மீட்டராக நெருக்கி அளந்தோம். மறுநாள் நான் அரை மாத்திரைதான் போட்டேன், விழித்திருந்தேன், முறையாக வாந்தியும் எடுத்தேன். பாறை ஒரு வீட்டு மனை அளவுதான் இருந்தது. முன்பு அளந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே மிகச் சரியாகப் பதுங்கியிருந்தது. என் கற்பனைப் பாறைக்கு நான் கண்டுபிடித்த அதே காரணம், நிஜப் பாறைக்குப் பொருந்தியது.

ஒப்பந்தக்காரருக்குக் கடிதம் எழுதும்போது முதலாளி சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். "எங்கள் நிறுவனத்தின் தீவிர மறு ஆய்வில்" என்று ஆரம்பித்தார்.

நான் தட்டுவதை நிறுத்தினேன். "சார், தூங்கினது நான். வாந்தி எடுத்தது நீங்க. தீவிரமா இருந்தது அவரு மட்டுந்தான்."

முதலாளி என்னை முறைத்தார். நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கடைசியில் "சரி, போட்டுக்க" என்றார். உள்ளூர் மீனவர் காட்டிய இடத்தில் அளந்து உறுதி செய்யப்பட்டது என்று எழுதினோம். பாதை வடக்கே நகர்ந்தது. பழைய கலங்கரை விளக்கத்தை அணைத்தேன், புதியதை ஏற்றினேன். அணைக்கும்போது அதனிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

நிஜப் பாறைக்கு வரைபடத்தில் பெயர் எதுவும் போடவில்லை. குறியும், ஆழமும் மட்டும். ஆனால் வீராம்பட்டினத்துக்காரர்கள் வேறொரு காரியம் செய்துவிட்டார்கள். எதுவுமே இல்லாத அந்தச் சேற்றுப் பகுதிக்கு 'அக்கா பாறை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "அக்கா பாறையில நேத்து நல்ல மீன்பாடு" என்று பேசிக்கொள்கிறார்களாம். ஒருநாள் மீன் வாங்கப் போனபோது, கூடைக்காரம்மா ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீதானா அது?" என்று கேட்டார். கூட இரண்டு மீன் அள்ளிப் போட்டார்.

பார்ஜ் வருகிற அன்று எனக்கு ஆபீசில் உட்கார முடியவில்லை. அனுமதி கேட்டுக்கொண்டு காலையிலேயே கடற்கரைக்குப் போனேன். வெகு தூரத்தில் கறுப்பாக ஒன்று தெற்கே ஊர்ந்துகொண்டிருந்தது. அதுதான் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. அது போகும் திசையைப் பார்த்தால் பாறையை நோக்கியே போவதுபோல் இருந்தது. கரையில் நின்றபடியே கையை வடக்குப் பக்கமாக வீசினேன். நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் நானும் ஏதோ உடற்பயிற்சி செய்வதாக நினைத்துத் தள்ளிப்போனார். என் வாழ்க்கையிலேயே ரொம்ப நீளமான இருபது நிமிஷம் அது. கடைசியில் அது எதிலும் மோதாமல் போய் மறைந்தது. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

போன் அடித்தது. படகுக்காரர்.

"அக்கா, பார்ஜ் தாண்டிப் போயி ஒரு மணி நேரமாவுது. துறைமுகத்துக்குள்ளேயே போயிடுச்சு. நீங்க எங்க இருக்கீங்க?"

"பீச்சுல. அப்ப இப்ப போச்சே, கறுப்பா ஒண்ணு?"

"அது யாரோட படகோ. எறா பிடிக்கப் போவுது" என்றார்.